கிதார் கொள்வோர்க்கு ஒரு சொல்

“கற்கத் தொடங்குவோனுக்கு மலிவான கருவியே போதும்; கை தேர்ந்தபின் நல்லதொன்று வாங்கிக்கொள்ளலாம்” என்று பெரியோர் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்றுக்கு யாம் உடன்படோம். கை தேர்ந்தவன் குறையுள்ள கருவியையும் தன் திறத்தாற் பணியவைப்பான். தொடங்குவோனோ, குறை கருவியினதா தன்னதா என்றறியாது, தனக்கு இசை வாராதென்றே முடிவுகட்டிவிடுவான்.

இது வெறுங் கற்பனையன்று. சென்ற ஆண்டு விடுதி நண்பர் மூவேம் சேர்ந்து 4,500 ரூபாய் திரட்டி, கைபேசியிற் படம் பார்த்து ஒரு கிதாரை வரவழைத்தோம். நிறம் என்னவோ அழகுதான்! ஆனால் கழுத்தின் பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தி நின்ற உயரம் 5 மில்லிமீட்டர். உருக்குத் தந்திக் கருவிக்கு அங்கே இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டரே போதும். விரல் நுனிகள் கன்றின. அழுத்துந்தோறும் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிற்று. எம்முள் திண்டிவனத்து நண்பர் ஆலயப் பாடற்குழுவில் நற்குரலுடையவர். அவரே இரண்டு திங்களில், “எனக்குச் செவியில்லை” என்று சொல்லி விலகிவிட்டார்.

தமிழ் பயிலும் யாம் முன்னரே விழித்திருத்தல் வேண்டும். சீவகசிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், இசைப் போட்டிக்கு வந்த சீவகன் தன் முன் வைத்த யாழை எடுத்தவுடன் வாசித்தானில்லை. நீரில் நின்று இளகிய மரம், வாளாற் புண்பட்ட மரம், இடியேறுண்ட மரம் என ஒவ்வொன்றின் குறையையுங் கூறி விலக்கினான். நரம்பினுள் மயிர் இருந்ததையும் காட்டினான். இசையில் வல்லவனே இத்துணை ஆராய்ந்தானெனின், ஸரிகமவும் அறியாத யாம் படத்தைக் கண்டு பணம் கொடுத்ததை என்னென்பது!

கிதார் நம்முடையதன்று என்று முகஞ்சுளிப்பாரும் உளர். பிடிலும் ஐரோப்பாவினின்று வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இளையராஜா அமைத்த இசையிற் கிதாரைக் கேட்டவர் இவ்வழக்கை மேலுந் தொடரார்.

ஆகவே வாங்குவோர் நேரிற் செல்க. வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. விழுப்புரத்தார்க்குப் புதுச்சேரி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரே. நைலான் தந்தி விரலுக்கு இதமானது. ஆயினும் அக்கருவியின் கழுத்து தலைப்பில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் அகலமாதலிற் சிறு கையினர்க்கு எட்டாது. உருக்குத் தந்தியுடையது 43 மில்லிமீட்டரளவில் ஒடுங்கியது; கூடிப் பாடுமிடத்து அதன் முழக்கமே எடுபடும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடம். அங்கே அழுத்தி மீட்டினால் வெறுந்தந்தியின் மேற்ஸ்தாயிச் சுரம் பிசகின்றி ஒலித்தல் வேண்டும். ஒலியாதாயின் விலையைப் பேசவே வேண்டா. ஒட்டுப்பலகையாற் செய்ததென்று அஞ்சற்க. நம் ஊர் வெயிலில் முழுமரப் பலகையினும் அதுவே வெடிக்காமல் நிற்கும்.

பொங்கல் விடுமுறையில் வந்த முன்னாள் மாணவர் ஒருவர் எம் கிதாரைப் பார்த்தார். பன்னிரண்டாம் மெட்டில் 1 மில்லிமீட்டர் தாழ்த்தவேண்டின், குதிரைமேல் தந்தி அமருந் துண்டில் 2 மில்லிமீட்டர் தேய்க்கவேண்டுமாம். எம் கருவியில் அத்துண்டு அவ்வளவு வெளியே நிற்கவில்லை. “இதில் நானும் வாசிக்க இயலாது” என்று அவர் கூறியதைத் திண்டிவனத்து நண்பரிடம் சொன்னோம்; அவர் நகைத்துவிட்டுச் சென்றார். கோடை விடுமுறையில் வேறொன்று தேரச் சென்னை செல்லவிருக்கின்றோம். உடன்வர அவர் இன்னும் இசையவில்லை.