குடியிருக்கும் வீடும் கடன் வாங்கும் வீடும்

வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் அமர்ந்திருப்போரிடம் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது, "எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதுதான். சம்பளம், வயது, ஏற்கெனவே கட்டிவரும் தவணைகள் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். அந்த வீட்டில் என் தாயாரால் வாழ முடியுமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்கு விடை கூறுவது வங்கியின் வேலை அன்று. ஆயினும், 20 ஆண்டுகள் தவணை கட்டப்போகிறவர் கடன்தொகைக்கு முன்பாக எண்ணிப் பார்க்கவேண்டியது இந்த இரண்டாவது கேள்வியையே என்பது என் கருத்து.

புனேயின் கேம்ப் பகுதியில் வாடகை வீட்டில் வாழ்கிறோம். என் தாயாருக்கு வயது 81. நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். மகனும் மருமகளும் நகரின் கிழக்கே ஹடப்சர் பக்கத்து அலுவலகங்களுக்குச் சென்று வருகிறார்கள். பேத்தி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அலுவலகத்துக்கு அருகில் ஒரு புதிய குடியிருப்பில் வீடு வாங்கி அனைவரும் அங்கே போய்விடலாம் என்பது மகனின் விருப்பம். நான் உடன்படவில்லை. ஏன் என்பதை அவனிடம் கோவையாகச் சொல்ல இயலாததால்தான் எழுதத் தொடங்கினேன்.

கேம்ப் என்னும் பெயர் இடுகுறிப் பெயர் அன்று. 1817 நவம்பரில் நடந்த கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றபின், பழைய நகரத்துக்குக் கிழக்கே ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தனர். படைவீரர்களுக்கு ரொட்டி, இறைச்சி, துணி, தையல், மருந்து எல்லாம் தேவைப்பட்டன. அவற்றை விற்கப் பார்சிகள் வந்தனர். போராக்கள், கோவாக் கிறிஸ்தவர்கள், யூதர்கள், சிந்திகள் வந்தனர். படையோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் உண்டு. 1867இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் நிற யூத ஆலயத்தை இப்பகுதியினர் லால் தேவல் என்கிறார்கள். அதிலிருந்து சற்று நடந்தால் தேவாலயம், மசூதி, கோயில் எல்லாம் வரும். பழைய நகரத்தின் பேட்டைகள் பெரும்பாலும் சாதியாலும் தொழிலாலும் பிரிந்தவை. கேம்ப் அவ்வாறன்றி, வெளியூரிலிருந்து வந்தவர்களாலேயே ஆனது. இங்கே ஒருவர் வெளியூரார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. மராத்தி அறியாமல் வந்த என் தாயாருக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குப் படியிறங்கிக் கோயிலுக்குப் போவார். திரும்பும் வழியில் காய்கறி வாங்குவார். 1880களில் கட்டப்பட்ட சிவாஜி மார்க்கெட்டின் கறிவேப்பிலைக்காரி, அவர் இரண்டு நாள் வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஆளனுப்புவாள். ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 1955 முதல் நடந்துவரும் கயானி பேக்கரி நண்பகலில் கடையடைத்துவிடும் என்பதால், பேத்திக்கு ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வாங்கவேண்டிய நாள்களில் மட்டும் அவர் நடை வேகம் பிடிக்கும். வாழையிலையும் காப்பிப் பொடியும் வேண்டுமானால் ராஸ்தா பேட்டைக்கு ஆட்டோவில் போய்வருவார். இவற்றில் ஒன்றுக்கும் மகனையோ என்னையோ அவர் எதிர்பார்ப்பதில்லை. 81 வயதில் ஒருவர் பிறர் துணையின்றிச் செய்துகொள்ளும் காரியங்கள் எத்தனை என்று எண்ணினால், அந்த இடத்தின் மதிப்பு ஓரளவு விளங்கும். விற்பனை விளம்பரங்களில் இதற்கென்று ஒரு கட்டம் இருப்பதில்லை.

புதிய குடியிருப்பை இகழ்வதும் என் நோக்கம் அன்று. ஹடப்சரில் உள்ள மகர்பட்டா நகரம், இந்தியாவில் நகர விரிவாக்கம் எப்படி நடக்கலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 120 விவசாயக் குடும்பங்கள், தங்களுடைய சுமார் 400 ஏக்கர் நிலத்தைத் துண்டுதுண்டாக விற்றுவிடாமல், சதீஷ் மகர் தலைமையில் ஒன்றுசேர்த்து, நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குபெற்று, தாங்களே நகரம் கட்டினார்கள். அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, பெரிய தோட்டம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அங்கே அழைத்துச் சென்றோம். வண்டிகள் வராத இடத்தில் அவள் இரண்டு மணி நேரம் ஓடி விளையாடினாள். கேம்ப்பில் அவளுக்குக் கிடைத்திருப்பது மாடிப்படியின் திருப்பமும், சனிக்கிழமைகளில் யாராவது அழைத்துச் சென்றால் எம்ப்ரஸ் தோட்டமும்தான். அன்று மாலை வீடு திரும்புகையில் என் வாதம் பாதி வலுவிழந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

"குடும்பத்துக்கு ஏற்ற இடம்" என்னும் தொடரே நம்மைக் குழப்புகிறது. குடும்பம் ஒற்றை மனிதர் அன்று. பாட்டிக்கு ஏற்றது பேத்திக்கு ஏற்றதாக இருக்கவேண்டியதில்லை. வீடு வாங்குவதை முடிவு செய்கிறவர் பெரும்பாலும் சம்பாதிக்கிறவராக இருக்கிறார். அவரோ அந்த வீட்டில் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு. தாமதமாக வந்து, உண்டு, உறங்கி, காலையில் போய்விடுகிறவருக்கு இரண்டு தேவைகள்தான்: அலுவலகம் அருகில் இருக்கவேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். பகல் முழுவதும் அங்கேயே இருக்கப்போகிறவர்களின் தேவைகள் வேறு. ஆகவே, வாக்குகளை எண்ணுவதாயின், யார் எத்தனை மணி நேரம் அந்த இடத்தில் கழிக்கிறார் என்பதற்கேற்ப எண்ணவேண்டும் என்கிறேன். மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். "அப்படியானால் தவணையையும் மணிக்கணக்கில் பிரித்துக் கட்டுவோமா, அப்பா?" என்றான்.

நியாயமான கேள்வி. எனவே பணத்துக்கு வருகிறேன்.

அவன் பார்த்துவைத்திருக்கும் வீட்டின் விலை ரூ. 62.5 லட்சம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆகவே கடன் 50 லட்சம், கையிலிருந்து 12.5 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்புக் கணக்கில் சேரா. அவற்றைத் தனியே நாமே தரவேண்டும். புனேயில் முத்திரைத் தீர்வை, மெட்ரோவுக்கான கூடுதல் வரி உட்பட, 7 விழுக்காடு; அதாவது ரூ. 4,37,500. பதிவுக் கட்டணம் ரூ. 30,000. மருமகள் பெயரில் மட்டும் வாங்கினால் மகாராஷ்டிரத்தில் பெண்களுக்குள்ள 1 விழுக்காட்டுச் சலுகையால் ரூ. 62,500 மிச்சம். அச்சலுகையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சாவி கைக்கு வருமுன் நாம் புரட்டவேண்டியது ரூ. 17 லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து போகும்.

50 லட்சத்துக்கு 8.5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் ரூ. 43,391. மொத்தம் கட்டுவது ரூ. 1.04 கோடி. வட்டி விகிதம் மாறக்கூடியது என்பதால் இது நிலையான எண்ணும் அன்று. அதே வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு நாம் கேம்ப்பிலேயே இருந்தால் என்ன என்றும் கணக்கிட்டோம். ஆண்டு வாடகை வீட்டு விலையில் 3 விழுக்காடு என்று கொண்டால் மாதம் ரூ. 15,625. தவணைக்கும் வாடகைக்கும் இடையே ரூ. 27,766 பள்ளம். அதன்மேல் கேம்ப் வீட்டு வாடகை. இது எங்களால் ஆகாது. வேறு குடும்பங்களுக்கு ஆகலாம்.

அப்படியானால் கேம்ப்பிலேயே ஒரு வீடு வாங்கக்கூடாதா? என் உள்ளம் விரும்புவது அதுதான். ஆனால் இங்கேதான் உணர்ச்சியை ஓரமாக வைக்கவேண்டியிருக்கிறது. கேம்ப் ஒரு கண்டோன்மென்ட். நம்மூர் வாசகர்கள் பரங்கிமலை–பல்லாவரத்தையோ குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டனையோ நினைத்துக்கொள்ளலாம். இங்குள்ள பழைய பங்களாக்கள் பலவற்றில் கட்டடம் குடியிருப்பவருக்குச் சொந்தம், அடிமனை அரசுக்குச் சொந்தம். பழைய மானியம் என்று பொருள்படும் 'ஓல்டு கிராண்ட்' முறை இது. நிலப் பதிவேட்டில் பி-3 என்ற வகையில் வரும். விற்கவும் பிரிக்கவும் மாற்றிக் கட்டவும் அனுமதி வேண்டும். இத்தகைய சொத்தை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்குவதற்குக் காரணம் புரிகிறது. 2023 ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்தின் யோல் கண்டோன்மென்ட் கலைக்கப்பட்டது. நாட்டிலிருந்த 62 கண்டோன்மென்ட்களின் குடிமக்கள் பகுதிகளை அருகிலுள்ள மாநகராட்சி, நகராட்சிகளுடன் இணைக்கும் எண்ணத்தின் முதல் படி அது. புனே, கட்கி பற்றியும் அந்தப் பேச்சு எழுந்தது. நடந்தால் கட்டட விதிகள் மாறும், விலையும் மாறும், நான் மேலே வருணித்த தெருக்களும் மாறக்கூடும். பத்திரம் தெளிவாக இல்லாத இடத்தில், கறிவேப்பிலைக்காரி நலம் விசாரிக்கிறாள் என்பதற்காகச் சேமிப்பைப் போட முடியாது.

என் மனைவி இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, படிக்கட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை என்றார். உண்மை. எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. 22 மரப்படிகள், மழைக்காலத்தில் ஈரம் ஏறி வழுக்கும், லிஃப்ட் வைக்க இடம் இல்லை. மனைவிக்கு முழங்கால் வலி. தாயார் இன்று இறங்கி ஏறுகிறார். நாளை ஒருநாள் இறங்க முடியாமல் போனால், இத்தனை கடைகளும் கோயிலும் அவருக்கு ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சிகளாகிவிடும். லிஃப்ட் உள்ள வீட்டில் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்காவது வரலாம். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆகவே, இன்றைக்கு நான் வந்து நிற்கும் இடம் இது: குடியிருக்கும் வீடும் சொந்த வீடும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற அவசரத்தைச் சில காலம் தள்ளிவைக்கலாம். ஓர் இடம் நமக்கு ஏற்றதா என்பதை மாதிரி வீட்டைப் பார்த்து அறிய முடியாது. ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம், ஒரு காய்ச்சல், ஒரு தீபாவளி ஆகியவற்றை அங்கே கழித்தால்தான் தெரியும். நகரின் விளிம்புப் பகுதிகளில் தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் குடியிருப்புகள் பல. அது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வெளிச்சத்துக்கு வரும். அங்கே வாடகைக்கு ஓராண்டு இருப்பதற்கு ஆகும் செலவு, 20 ஆண்டுக் கடனைத் தவறான இடத்தில் தொடங்குவதோடு ஒப்பிட்டால் சிறியது. மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தங்கள், 11 மாதத்துக்கானவை உட்பட, 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி எழுத்தில் இருந்து பதிவு செய்யப்படவேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. பதிவில்லாமல் தகராறு எழுந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, குடியிருப்பவர் கூறும் நிபந்தனைகளே ஏற்கப்படும். "பதிவெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் உரிமையாளரிடம் இதை நயமாக எடுத்துச் சொல்லலாம்.

மகன் முழுமனதாக ஒப்புக்கொண்டான் என்று கூறமாட்டேன். ஓராண்டில் விலை ஏறிவிடும் என்கிறான். ஏறலாம். ஆனால் முன்பணமாகப் போகவேண்டிய தொகை அதுவரை வைப்புநிதியில் வட்டியோடு இருக்கும். அவன் அஞ்சுவது விலை உயர்வை. நான் அஞ்சுவது, தாயார் அந்த 11ஆம் மாடியில் நாள் முழுவதும் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருப்பதை.

ஜூன் மாதம் ஹடப்சர் பக்கம் ஒரு வீட்டை 11 மாதத்துக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. கேம்ப் வீட்டின் ஒப்பந்தம் செப்டம்பர் வரை இருக்கிறது. அதை உடனே முறிக்கவில்லை. மூன்று மாதம் இரண்டு வாடகை. தாயாரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: அங்கிருந்து சிவாஜி மார்க்கெட்டுக்குப் பேருந்து உண்டா? விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.