புது வீட்டில் எந்த அடுப்பு?

புது வீட்டில் முதலில் பொங்குவது பால்தான். அந்தப் பாலை எதில் பொங்க வைப்பது? காஸ் அடுப்பிலா, கரண்ட் அடுப்பிலா?

இந்தக் கேள்வியைப் பலர் கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள்தான் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்குள் சுவர் பூசியாகிவிட்டது, டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. அடுப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய நாள் அதுவல்ல. ஒயர் பதிக்க எலெக்ட்ரீஷியன் சுவரை வெட்டுகிறாரே, அந்த நாள்தான் அதற்கு உரிய நாள்.

அன்று நடப்பது என்ன?

"சமையற்கட்டிலே எத்தனை பிளக் வைக்கணும், சார்?" என்று கேட்கிறார் எலெக்ட்ரீஷியன். "மிக்சிக்கு ஒண்ணு, கிரைண்டருக்கு ஒண்ணு, பிரிட்ஜுக்கு ஒண்ணு. போதும்" என்கிறார் வீட்டுக்காரர். விஷயம் முடிந்தது! அந்தச் சமையற்கட்டில் இனி முப்பது வருஷம் நிற்கப்போகிற அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தீ இல்லாத அடுப்பு

விறகுப் புகையில் கண் கலங்கிய தலைமுறைக்குக் காஸ் அடுப்பு ஒரு வரப்பிரசாதம். 1965-ல் இண்டேன் காஸ் வந்தது. 2007-ல் தமிழ்நாட்டு அரசே ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் காஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. ஊதுகுழல் மூலைக்குப் போயிற்று.

இப்போது அந்தக் காஸுக்கே போட்டியாக இண்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டது. தீ இல்லை, புகை இல்லை. பாத்திரமே நேராகச் சூடாகிறது. சித்திரை வெயிலில் சமையற்கட்டு உலைக்களம் ஆவதில்லை. மறதி வந்துவிட்ட வயதான தம்பதிகள் தனியாக இருக்கும் வீட்டில், தானே அணைந்துவிடும் அடுப்பு பெரிய நிம்மதி.

ஆனால் எல்லாப் பாத்திரத்துக்கும் அது மசியாது. அடியில் காந்தம் ஒட்டவேண்டும். அலுமினியச் சட்டி, ஈயச் சொம்பு, மண்சட்டி எல்லாம் பரணுக்குப் போகவேண்டியதுதான். அப்பளம் சுட வேண்டுமா? கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல் அரைக்க வேண்டுமா? அதற்குத் தீதான் வேண்டும்.

எது மலிவு?

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ காஸ். அதன் சூடு முழுவதும் பாத்திரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் கசிந்து, சமைக்கிறவரையும் சேர்த்து வேக வைக்கிறது! இண்டக்‌ஷனில் இந்தச் சேதாரம் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையைச் செய்ய இண்டக்‌ஷனுக்குச் சுமார் 140 யூனிட் தேவைப்படும்.

ஆகவே சிலிண்டர் விலையை 140-ஆல் வகுத்துப் பார்க்கவேண்டும். வருகிற தொகையைவிட யூனிட் விலை குறைவானால் கரண்ட் லாபம். அதிகமானால் காஸ் லாபம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் ஆயிற்று. அந்த 100 யூனிட்டையும் விளக்கும் விசிறியும் பிரிட்ஜும் தின்றுவிடும். அடுப்புக்குச் செலவாகும் யூனிட் மேல்படி விலையில்தான் விழும். ஏ.சி. ஓடும் வீட்டில் இன்னும் மேல்படி! ஒரு வீட்டுக்கு லாபமானது பக்கத்து வீட்டுக்கு நஷ்டமாவது இதனால்தான்.

இருட்டில் சமையல்

காசு மட்டுமா கணக்கு? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின் கம்பங்களை வரிசையாகச் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்டை மட்டும் நம்பிய சமையற்கட்டில் அப்போது குழந்தைக்குப் பால் காய்ச்ச வழி ஏது? 2000 வாட் இழுக்கும் இண்டக்‌ஷனைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது.

காஸ் மட்டும் சாசுவதமா? நாட்டுக்கு வேண்டிய சமையல் காஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. எங்கோ கடலில் கலகம் என்றால், இங்கே சிலிண்டர் தாமதமாகும், விலை ஏறும்.

ஒற்றைக் காலில் நிற்கும் வீடு எப்போதும் தள்ளாடும். சமையற்கட்டுக்கு இரண்டு கால் வேண்டும். முதல் அடுப்பு காஸாக இருக்கட்டும். துணை அடுப்பு கரண்டாக இருக்கட்டும்.

குளியலறையில் காஸ் வேண்டாம்

ஓர் இடத்தில் மட்டும் இந்தச் சமரசம் கூடாது. அது குளியலறை.

பணம் மிச்சம் என்று சிலர் குளியலறைக்குள் காஸ் கீசர் மாட்டுகிறார்கள். கதவைச் சாத்தி, ஜன்னலையும் அடைத்துவிட்டுக் குளிக்கும்போது, எரியும் காஸ் அறையிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேருகிறது. சிலிண்டர் கசிந்தால் எச்சரிக்க அதில் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இந்த நச்சு வாயுவுக்கோ நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுகிறார். வெளியே இருப்பவருக்குத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்! இப்படிப் போன உயிர்கள் நம் நாட்டில் உண்டு.

எத்தனை மிச்சமாகும் என்று இந்த ஆபத்து? 20 லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிக்கும் பதத்துக்குச் சூடாக்க, யூனிட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். குளியலுக்குக் கரண்ட் கீசர் போதும். மாடியில் இடமிருந்தால் சூரிய வெப்ப கீசர் இன்னும் நல்லது.

சுவர் பூசுமுன்

ஆகவே சுவர் பூசுமுன் செய்யவேண்டியவை சில. சமையல் மேடைக்கு மேலே 16 ஆம்பியர் பவர் பிளக் இரண்டு வைக்கவேண்டும். அதற்குத் தனி லைன், தடித்த செப்பு ஒயர், சரியான எர்த் அவசியம். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துவிடும் கருவியையும் மெயின் போர்டில் பொருத்தவேண்டும்.

காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே உயரத்தில் ஜன்னல் வைத்தால் மட்டும் போதாது. தரையை ஒட்டியும் காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கலாகாது, நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். ரெகுலேட்டரை இரவில் மூடிவிட்டுத் தூங்குவது நல்லது. கசிவு நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடக்கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும்.

இவற்றைக் கட்டும்போதே செய்தால் செலவு கொஞ்சம். டைல்ஸ் ஒட்டியபின் உடைத்துச் செய்தால், செலவும் அதிகம், மனக்கஷ்டமும் அதிகம்.

வாசல் நிலைக்குத் தேக்கு வாங்க ஊர் ஊராய் அலைகிறவர்கள், சமையற்கட்டுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிக்கக் கூடாதா? அந்த அரை மணியில் சமைக்கிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கட்டும். பால் பொங்கினால் மட்டும் போதாது. பொங்க வைத்தவர் மனமும் குளிரவேண்டும்!