அடுத்த கூட்டத்தைக் கொட்டாஞ்சேனையில் வையுங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘பொன்னியின் செல்வன்’ வாசிக்கிற அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கையர் எல்லாருக்கும்,

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். ஜம்பட்டா வீதிக்குப் பின்னாலிருந்த தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். பிறகு சில வருடம் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்து, அங்கிருந்து கனடா வந்து சேர்ந்தேன். இரண்டு இடமும் எனக்குச் சொந்தம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

காலி வீதிப் பக்கம் நடக்கிற வாசகர் கூட்டமொன்றுக்கு என் உறவுக்காரப் பிள்ளை கொட்டாஞ்சேனையிலிருந்து போயிருக்கிறாள். 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் வந்தபோது பார்த்துவிட்டு, அந்தச் சூட்டோடு நாவலின் முதல் பாகத்தைக் கையிலெடுத்தவள். அந்த வருடம் கொழும்பு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடச் சோதனையே தள்ளிப்போன வருடம். அதற்குள் ஒரு பிள்ளை ஐந்து பாக நாவலைத் தொடங்கினாள் என்பதே எனக்குப் பெருமை. கூட்டத்தில் அவள் பூங்குழலியைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறாள். “அஞ்சு பாகமும் வாசிச்சு முடிச்சிட்டு வாங்கோ தங்கச்சி, அப்ப கதைப்பம்” என்று பதில் வந்ததாம். பக்கத்தில் இருந்த இன்னொருவர் அவள் பேசின தமிழைக் கேட்டு, “மலையகமோ?” என்று விசாரித்தாராம். அடுத்த மாதம் அவள் போகவில்லை.

எந்தக் கூட்டம், யார் சொன்னது என்பது வேண்டாம். சொன்னவரும் அந்த நாவலில் உயிரையே வைத்திருப்பவராக இருக்கும். ஆனால் இது ஓரிடத்தில் ஒருநாள் நடந்த விஷயம் இல்லை. எத்தனை தரம் வாசித்தாய், எந்தப் பதிப்பில் வாசித்தாய், ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு வாசித்தாயா, படம் பார்த்து வந்தவளா, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படி கட்டி வைத்திருக்கிறோம். இங்கே ரொறன்ரோவிலும் அதுவே நடக்கிறது. அதனால் இது எனக்கும் சேர்த்து எழுதுகிற மடல்தான்.

அந்தப் புத்தகம் எங்கள் தோட்டத்துக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குடித்தனம். மூன்றாம் வீட்டு ராத்தாவிடம் கல்கி இதழிலிருந்து பக்கம் பக்கமாகக் கழற்றி, தைத்து, கட்டின தொகுப்பு ஒன்று இருந்தது. ஓரத்தில் பழுப்பேறி, நடுவில் சில பக்கம் தவறிப்போனது. அஸர் தொழுது முடித்து ராத்தா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். சுற்றியிருந்த பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டும் பிள்ளைக்குத் தலை பார்த்துக்கொண்டும் கேட்பார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. அம்மா ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அப்பா புறக்கோட்டையில் சுமை தூக்குகிற நாட்டாமை வேலை. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்தது முதல் கடைசி வரைக்கும் கதை முழுவதும் மனப்பாடம். தவறிப்போன பக்கங்களில் என்ன நடந்திருக்கும் என்று ராத்தாவும் அம்மாவும் வாதாடுவதைக் கேட்டே நான் அந்த நாவலுக்குள் போனேன்.

இன்றைய கூட்டத்தின் கணக்குப்படி என் அம்மா வாசகி இல்லை. ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை. ஆனால் மந்தாகினியைப் பற்றி அவர் சொன்னதுபோல் எந்த ஆராய்ச்சியாளரும் சொல்லி நான் கேட்கவில்லை. காது கேளாத, வாய் பேசாத அந்தப் பெண் அநுராதபுரத்தில் சுவரில் சித்திரம் வரைந்து தன் கதையை அருள்மொழிக்குச் சொல்கிற இடம் வந்தால் அம்மா புடைக்கிற சுளகைக் கீழே வைத்துவிடுவார். எழுதத் தெரியாதவள் கீறியாவது சொல்லிவிட்டாளே என்பார். கல்கி அவளை ஈழத்து ராணி என்கிறார். அந்தப் பெரிய கதையில் எங்கள் தீவுக்கென்று மனதில் நிற்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்றால் அவள்தான். அவளுக்குக் குரல் கிடையாது. சுந்தர சோழர் மேல் எறிந்த வேலைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். அதை முழுசாக விளங்கிக்கொள்ள ஐந்து பாகத்தையும் கண்ணால் வாசித்திருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடராக வந்தது 1950இலிருந்து 1954 வரை. அந்த வருடங்களில் என் அம்மாவின் தாய் தகப்பனுக்கு நாடு இல்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களையும் தேயிலைத் தோட்டத்து மக்கள் பெரும்பாலானோரையும் நாடற்றவராக்கி, அடுத்த வருடம் வாக்கும் போயிருந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அம்மாவின் அண்ணன் குடும்பம் அப்படித்தான் போனது. சொந்த நாட்டிலே எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டே அலைக்கழிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளையிடம், ஒரு கதையைப் பற்றிப் பேச வந்த இடத்திலும் “மலையகமோ?” என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? கேட்டவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

நாவலுக்குள்ளேயே பாருங்கள். கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுவருவது ஓடக்காரப் பெண் பூங்குழலியின் துடுப்பு. காய்ச்சலில் கிடந்த அருள்மொழியைக் காப்பாற்றி வைத்திருப்பது நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துப் பிக்குகள். வீரவைஷ்ணவன் ஆழ்வார்க்கடியான் சைவரோடு வழியெல்லாம் சண்டை பிடித்தபடியே அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறான். பூக்கட்டிக் கொடுக்கிற சேந்தன் அமுதன் கடைசியில் சிம்மாசனம் ஏறுகிறான், ஓடக்காரி பட்டத்தரசி ஆகிறாள். இத்தனை வகை மனிதரையும் ஒரு கதைக்குள் கொண்டுவந்ததால்தான் அது எங்கள் தோட்டத்துத் திண்ணையில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

இதிலே எனக்குக் கல்கியோடு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சேந்தன் அமுதனை அவனாகவே அரசனாக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறப்பால் அவன் செம்பியன் மாதேவியின் மகன் என்று காட்டின பிறகுதான் முடி சூட்டுகிறார். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனோ வாய்பேசாத மந்தாகினியின் பிள்ளை என்று ஆகிவிடுகிறான். வளர்ப்பை மாற்றி வைத்துப் பார்த்தவர், கடைசியில் இரத்தத்துக்கே திரும்பிப் போகிறார். பூங்குழலிக்கு அப்படி ஒரு இரகசியப் பிறப்பு கொடுக்காமல் விட்டது பெரிய நிம்மதி. இதையெல்லாம் கூட்டத்தில் பேச வேண்டும். படத்தைப் பார்த்து வந்த பிள்ளைகள்தான் இந்தக் கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஏழெட்டுத் தரம் வாசித்த எங்களுக்கு அந்த இடங்கள் பழகிப்போய்விட்டன.

சாதி விஷயத்தையும் தள்ளி வைக்க முடியாது. அருள்மொழிதான் பிறகு ராஜராஜன் ஆகிறான். தமிழ்நாட்டில் ராஜராஜன் எங்கள் ஆள் என்று பல சாதிக்காரர் சுவரொட்டி அடிக்கிறார்கள். 2019இல் இயக்குநர் பா. ரஞ்சித் ராஜராஜன் காலத்து நில உரிமையைப் பற்றிக் கடுமையாகப் பேசினதற்கு அவர் மேல் வழக்கே போட்டார்கள். எங்களிடம் சுவரொட்டி இல்லைத்தான். ஆனால் ஊர் கேட்பது, கோயில் கேட்பது, தகப்பன் பெயர் கேட்பது எல்லாம் எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். கதை பேச வருகிற இடத்தில் அது ஒன்றும் தேவையில்லை.

ஈழத்துத் தமிழ் வாசகருக்குள்ளே இந்தப் போராட்டம் புதிதும் இல்லை. கல்கி, விகடன் வகைக் கதைகள் எங்கள் மக்களின் வாழ்க்கையை மறைக்கின்றன என்று பேராசிரியர் கைலாசபதியும் முற்போக்கு எழுத்தாளரும் 1950களின் கடைசியிலிருந்து வாதிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ராத்தாவின் தைத்த தொகுப்புக்கு எங்கள் தோட்டத்தில் அவ்வளவு மதிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வாதத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. ராஜா ராணிக் கதை கேட்டதனால் என் அம்மா தன் வாழ்க்கையை மறந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட அடிப்படைக் கேள்வி, இலக்கியம் யாருக்குச் சொந்தம் என்பது, இன்னும் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் சிகையலங்கார நிலையத்திலிருந்து 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கின டொமினிக் ஜீவா, பிறகு கொழும்புக்கு வந்து சிறீ கதிரேசன் வீதியிலிருந்து அதை நடத்தினார். சாதியின் பெயரால் மிதிக்கப்பட்ட ஒருவர் பெரிய பெரிய எழுத்தாளரையெல்லாம் தன்னிடம் வரவைத்தார். அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இலக்கியம் வெள்ளவத்தைக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறவர்கள் அந்த வீதியை ஒருதரம் நடந்து பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம் எழுதக் கொஞ்சம் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மடல் முழுமையாகாது. என்னோடு வேலை செய்கிற சிங்களப் பெண் ஒருவர் படம் பார்த்துவிட்டு, உங்கள் ராஜா எங்கள் பன்சலைகளை உடைத்தாரே, அது ஏன் படத்தில் இல்லை என்று கேட்டார். நாவலில் அநுராதபுரத்துப் பிக்குகள் நீட்டுகிற கிரீடத்தை அருள்மொழி வேண்டாம் என்கிறான். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயங்களில் அதுவும் ஒன்று. சரித்திரத்தில் அதே அருள்மொழி ராஜராஜனானபின் 993ஆம் ஆண்டளவில் அவன் படை அநுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆனது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டு, சோழநாட்டிலேயே இறந்துபோனான். விகாரைகள் கொள்ளைபோனதைச் சூளவம்சம் சொல்கிறது. ஈழத்து ஊர்களின் வருமானம் தஞ்சைப் பெரியகோயிலுக்குப் போனதை ராஜராஜனின் கல்வெட்டே சொல்கிறது. இவ்வளவும் தமிழ் அறிஞர்களும் எழுதி வைத்த செய்திதான். அதேநேரம் திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழர் அங்கே தானம் கொடுத்த கல்வெட்டுகளும் நிற்கின்றன. அந்தப் பெண்ணுக்கு இரண்டையும் சொன்னேன். அவருக்கு வாசிக்க ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் கொடுத்தேன். வந்தியத்தேவனை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. புலிக்கொடியைப் பார்த்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஒதுங்குகிறார். அந்த ஒதுக்கத்தோடேயே அவர் வாசகியாக இருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். கூட்டத்துக்கு வருகிற சிங்களப் பிள்ளை சோழப் பெருமைக்குத் தலையாட்டினால்தான் உள்ளே என்று இருக்கக் கூடாது. அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்தவர் பதில் சொல்லட்டும்.

முஸ்லிம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் எவ்வளவு ஒடுங்கிப்போயின என்று நான் இங்கிருந்தே கேட்டுக் கலங்கினேன். ராத்தாவின் பேத்தி இப்போது பட்டதாரி. நன்றாகத் தமிழ் வாசிக்கிறாள், பாட்டியின் தொகுப்பையும் அவள்தான் வைத்திருக்கிறாள். அவளை ஒரு கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. தமிழ் என்றவுடன் எங்கள் மனதில் வருகிற முகங்களில் அவள் முகம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் தோட்டத்துக்குள் அந்த நாவலைக் கொண்டுவந்த வீடே அவளுடையது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தைக் கொட்டாஞ்சேனையில் வையுங்கள். வெள்ளவத்தையிலே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கினது, நூலகமும் மண்டபமும் உண்டு. அங்கே நடப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் கொட்டாஞ்சேனையில் என்று மாறி மாறி நடக்கட்டும். கொட்டாஞ்சேனையில் பாடசாலை மண்டபமோ கோயில் மண்டபமோ கிடைக்காவிட்டால் யாராவது வீட்டு மொட்டைமாடி போதும். ஞாயிறு காலையில் வைத்தால் பூசைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள், டியூஷன் பிள்ளைகளும் வரமாட்டார்கள், பின்னேரம் வையுங்கள். துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கும் அதுதான் வசதி.

தொடக்கத்தில் ஒரு அத்தியாயத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம். அப்போது படித்து முடித்தவரும், படம் மட்டும் பார்த்தவரும், காதால் கேட்பவரும், ஆங்கில வழிப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தமிழ் எழுத்தில் தடுமாறுகிற வெள்ளவத்தைப் பிள்ளையும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அதற்குப் பிறகு வருகிற பேச்சில் யார் எத்தனை தரம் வாசித்தார் என்பது எழாது. ஊர் விசாரிப்பதைக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்திலும் விட்டுவிடுங்கள். முதலில் கேள்வி கேட்கிற உரிமையைப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுங்கள், மூத்தவர்கள் பிறகு பேசலாம். கதையின் முடிவு தெரியாதவர் இருக்கிற இடத்தில் முடிவைச் சொல்லிவிடாமல் இருக்க மூத்தவர்கள் பொறுமை காட்ட வேண்டும். நந்தினி யார் என்ற இரகசியத்தை அவர்களும் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகள் நிறைய வந்துவிட்டன. காலி வீதியிலோ செட்டியார் தெருவிலோ புத்தகக் கடைகளில் ஐந்து பாகமும் அடங்கிய நான்கு தொகுதி வாங்க நான் பணம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு தொகுதி கொட்டாஞ்சேனையிலும் இரண்டு வெள்ளவத்தையிலும் இருக்கட்டும். கொட்டாஞ்சேனைத் தொகுதிகளை ராத்தாவின் பேத்தியும் என் உறவுக்காரப் பிள்ளையும் பொறுப்பெடுக்கிறார்கள், இருவரிடமும் பேசிவிட்டேன். இரவல் எடுக்க முற்பணம் வேண்டாம், பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். புத்தகம் திரும்பி வராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் அக்கா