உமியும் சிலிக்கனும்

வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வைக்கோல் ஏற்றிச் சென்ற வண்டிகளை மறவாத கமக்காரர் இன்னும் நம்மிடையே உளர். திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியாயிருந்த காலத்தில் வித்திடப்பட்டு, 1956இல் எழுந்த ஆலை அது. வைக்கோலிலுள்ள சிலிக்கா காகிதத் தொழிலுக்குப் பெருந்தொல்லை. கூழாக்கும் எரிசோடாவிற் கரைந்து, கழிவுநீரைக் காய்ச்சிச் சோடாவை மீட்கும் கலங்களிற் பாறைபோற் படிந்துவிடும். அன்று தொல்லையென எண்ணப்பட்ட பொருளிலுள்ள மூலகமே இன்று உலகச் சந்தையை ஆட்டிப்படைக்கிறது.

சிலிக்கன் கம்பனிகளின் பங்குகளை வாங்கலாமா என்று உத்தியோகத்தரும், விளைச்சற் பணம் கையிலுள்ள கமக்காரரும் எம்மைக் கேட்கின்றனர். வாங்குவது அவரவர் உரிமை. ஆயின் வாங்குவது யாதென அறிந்து வாங்குக என்போம்.

வெண்படிகக் கல்லைக் கரியுடன் மின்னுலையில் ஏறத்தாழ 2000 பாகை வெப்பத்திற் காய்ச்சினால், நூற்றுக்கு 98, 99 பங்கு தூய்மையான சிலிக்கன் கிடைக்கும். அலுமினியக் கலவைக்கு அது போதும்; கணினிச் சில்லுக்குப் போதாது. அதனை ஐதரசன் குளோரைட்டுடன் சேர்த்து ஆவியாகும் திரவமாக்கி, வடித்து, மீண்டும் சிலிக்கனாகப் படியவைத்து, நூறு கோடி அணுக்களில் ஓர் அந்நிய அணுவும் மிகையெனும் நிலைக்குக் கொணர்கின்றனர். பின்னர் உருக்கி, ஒற்றைப் பளிங்காக இழுத்து, 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டுகளாக அறுக்கின்றனர். தட்டுச் சந்தையின் பெரும்பகுதி ஜப்பானின் சின்-எற்சு, சம்கோ, தாய்வானின் குளோபல்வேபர்ஸ், ஜெர்மனியின் சில்ற்றோனிக், தென்கொரியாவின் எஸ்.கே. சில்ற்றோன் ஆகிய ஐந்து கம்பனிகளின் கையில். அவர்தம் செல்வம் கல்லிலன்று, கல்லைத் தூய்மையாக்கும் கலையில் இருக்கிறது. சில்லுக்குக் கேள்வி தளரும் ஆண்டில் அவர்தம் பங்கும் சரியும். 2024 செப்டெம்பரில் ஒரு புயல் வீசியதும், அமெரிக்காவின் ஸ்புரூஸ் பைனில் உருக்கு மூசைகளுக்கான தூய படிகக்கல் அகழ்வது நின்றுபோயிற்று. உலகச் சந்தையே கலங்கிற்று. அடுத்த போகத்து விதைநெல்லுக்கான பணத்தை இதில் இடுவது அறிவுடைமையன்று.

நம் ஊர் நெல்லாலைகளின் உமியையும் சற்று நோக்குவோம். எரித்தால் ஐந்திலொரு பங்கு சாம்பலாகும். அச்சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூறளவு சிலிக்கா. இதைக் கொண்டு நாளையே சில்லுச் செய்யலாமென மேடையில் முழங்குவோரை நம்பவேண்டாம். ஆனால் டயருக்குச் சேர்க்கும் சிலிக்காவை உமிச்சாம்பலிலிருந்து எடுத்துக் குட்இயர் கம்பனி பயன்படுத்தியிருக்கிறது. திண்ம டயர் ஏற்றுமதியிற் பெயர்பெற்ற நாடு இலங்கை. உமி நம்மிடம், வாங்கக்கூடியோரும் இந்நாட்டிலேயே. பகுத்தாய வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அந்த ஆய்வுக்கும் ஒரு சிறு மாதிரி ஆலைக்கும் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திற் பணங் கேட்க மட்டக்களப்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆயத்தமா? கேட்பவர் யார், வாளாவிருப்பவர் யாரென்பதைப் பெயரோடு இப்பக்கத்தில் வெளியிடுவோம்.