கோமதிநாயகம் என்றொரு பெயர்

சிவகிரி, புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து ஆண்களுக்கு வழக்கமாக வைக்கும் பெயர்களில் ஒன்று கோமதிநாயகம். வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே இந்தப் பெயர்க்காரனுக்குத் தொல்லை ஆரம்பம். "கோமதியா? பொண்ணு பேராச்சே!" என்று வகுப்பே சிரிக்கும். அடுத்த வாரம் அவன் வெறும் 'நாயகம்' ஆகிவிடுவான். சிலர் ஒருபடி மேலே போய் அரசிதழில் பெயரையே மாற்றிக்கொள்கிறார்கள். கேலி வலிக்கும்தான், ஆனாலும் இது தேவையில்லாத வேலை.

பெண் பெயராகவே இருக்கட்டுமே, அதனால் என்ன? சங்கரன்கோவிலில் சாமி சங்கரநாராயணர் என்றாலும் ஊரின் செல்லம் கோமதி அம்மன்தான். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சண்டை போட்டனவாம். இருவரும் ஒன்றே என்று காட்டச் சொல்லித் தவமிருந்தவள் கோமதி. வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால் என ஒரே உருவில் அவளுக்குக் காட்சி கிடைத்தது என்கிறது தலபுராணம். ஆடித்தபசுக்கு ஊரே திரள்வது இதற்காகத்தான்.

அப்பேர்ப்பட்டவளின் நாயகன் என்பதே இந்தப் பெயர். சாமிக்கே மனைவியை வைத்துத்தான் முகவரி! நெல்லையில் காந்திமதிநாதன், மதுரையில் மீனாட்சிசுந்தரம் எல்லாம் இந்த வகையில் வந்தவைதான். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை.

இன்னொரு விஷயம் பாருங்கள். 'மதி' என்றதும் பலரும் நிலாவை நினைப்பார்கள். உண்மையில் வடமொழியில் 'கோ' என்றால் பசு. கோமதி, பசுக்களை உடையவள். அம்மனின் தமிழ்ப் பெயர் ஆவுடையம்மாள். 'ஆ' என்றாலும் பசுதான். அப்படியே அதே பொருள்! ஆக, ஆவுடைநாயகமும் கோமதிநாயகமும் ஒரே பெயர்க்காரர்கள்.

படிவங்கள் படுத்தும் பாடு தனி. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டுப் பெயரை இரண்டாக வெட்டினால் 'திருமதி கோமதி' என்று கடிதம் வரத்தான் செய்யும். அதைத் திருத்த ஒரு விண்ணப்பம் போதும். பெயரை மாற்றினாலோ பான் அட்டை, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும். (எது லாபம் என்று வணிகவியல் மாணவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?)

இப்போது நியூமராலஜி பார்த்து 'ஷ்' என்று முடிகிற பெயராகத் தேடுகிறார்கள். அதைக் கேட்டால் பிள்ளை பிறந்தது சிவகிரியிலா சிங்கப்பூரிலா என்று தெரியாது. பொதிகை எக்ஸ்பிரஸில் கோமதிநாயகம் என்று சொல்லிப் பாருங்கள். எதிர் சீட்டுப் பெரியவர் உடனே கேட்பார், "தம்பிக்கு சங்கரன்கோவில் பக்கமா?"