அவளுக்கும் வைத்தியம் வேண்டும்

கசிப்புக் குடித்த ஆண்மகன் ஒழுங்கையில் விழுந்து கிடந்தால், "பாவம், கூடாத சேர்க்கை கெடுத்துவிட்டது" என்று அயலவர் இரங்குவர். அதே நோய் ஒரு பெண்ணைப் பற்றினால் இரக்கம் இல்லை, ஏச்சுத்தான். சகோதரிகளே, நாம் பேசக் கூசும் இவ்விஷயத்தை இன்று பேசத் துணிகிறேன்.

2009 இல் போர் ஓய்ந்தபின் வன்னிக்கு மீண்ட தாய்மார் பலர், கணவனை இழந்து தனியே குடும்பப் பாரம் சுமப்பவர்கள். துயர் மறக்க ஒரு மிடறு, உறக்கம் வர ஒரு குளிசை எனத் தொடங்குவது நாளடைவில் நோயாக முற்றிவிடலாம். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. ஆதலால் ஒரே அளவு மது அருந்தினும், அவள் இரத்தத்தில் அதன் செறிவு மிகும். ஈரலுக்கு ஊறும் விரைந்து வரும். விரைந்து வைத்தியம் பெற வேண்டியவளே பிந்தி வருகிறாள்.

இது வன்னிக்கு மட்டும் உரிய குறையன்று. ஐக்கிய நாடுகளின் 2024 ஆம் ஆண்டு உலகப் போதைப்பொருள் அறிக்கையின்படி, இந்நோயுற்ற ஆண்களில் 7 பேருக்கு ஒருவர் சிகிச்சை பெறுகிறார். பெண்களிலோ 18 பேருக்கு ஒருவரே.

காரணம் யாது? முல்லைத்தீவுத் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். மாங்குளம் சந்திக்கு வரவே அவள் சுமார் 50 கிலோமீற்றர் பஸ்ஸில் வரவேண்டும். வவுனியா அதற்கும் அப்பால். அன்றாடக் கூலி போகும். சில வாரம் தங்கிச் சிகிச்சை பெறுவதாயின், பிள்ளைகளை யார் பார்ப்பார்? வெளியே தெரிந்தால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ, பொலிசார் வருவார்களோ என்ற அச்சம் வேறு. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் அனுப்பும் கட்டாயச் சிகிச்சையோடு, தானே முன்வந்து சிகிச்சை பெறவும் வழி வகுத்துள்ளது. பின்னதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

சொல்ல வேண்டியவர்கள் நாமே. வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனிமையில் மனந்திறக்கலாம். அரசினர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்னும் இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரும், நித்திரைக் குளிசைக்குப் பழகியவரும் வைத்தியர் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் அடைத்து வைத்துத் திருத்த முயல்வது எத்துணைத் தவறென்பது இதனால் விளங்கும்.

சட்டமும் வைத்தியசாலையும் எட்டாத இடம் ஒன்றுண்டு. அது நம் வீட்டு முற்றம். "பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்; நீ போய்ச் சுகமாகி வா, தங்கச்சி" என்று அயல்வீட்டு அக்கா ஒருத்தி சொல்வாளாயின், அவள் முன்னுள்ள தடைகளுள் மிகப் பெரியது அன்றே நீங்கிவிடும். அந்த அக்கா நீங்களாக இருக்கலாகாதா?