அறுவை அரங்கு உண்டு, வழி எங்கே?

இதயக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றும் மருத்துவத் திறமை கொல்கத்தாவில் இல்லை என்று எவரும் கூற முடியாது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவுக்கு 1992-இல் இதய அறுவைச் சிகிச்சை செய்து டாக்டர் தேவி ஷெட்டி நாட்டின் கவனத்தை ஈர்த்தது, அந்நகரின் பி.எம். பிர்லா இதய மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில்தான். 2000-ஆம் ஆண்டில் முகுந்தபூரில் ரவீந்திரநாத் தாகூர் பெயரிலான இதய மருத்துவமனையும் தொடங்கப்பட்டது. ஆனால், அந்த அறுவை அரங்கின் வாசலுக்குக் குழந்தை உயிருடன் வந்து சேருமா என்பதுதான் இன்றும் விடை காணப்படாத கேள்வி.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இதயக் குறைபாட்டுடன் பிறப்பதாக மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதலாண்டுக்குள்ளேயே சிகிச்சை தேவை. சில குறைபாடுகளில், கருவில் திறந்திருக்கும் ஒரு ரத்தக்குழாய் பிறந்த சில நாள்களில் மூடிக்கொள்ளும்போது, அதுவரை நலமாகத் தோன்றிய குழந்தை திடீரென நீலம் பாய்ந்து சரிந்துவிடும். அக்குழாயைத் திறந்து வைக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தும், செயற்கை சுவாசக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த செவிலியரும் அந்த மணி நேரத்தில் அருகில் இருந்தாக வேண்டும். அறுவைச் சிகிச்சை நிபுணரின் வேலை தொடங்குவது அதற்குப் பிறகே.

இந்த முதல் கட்டத்தில்தான் மேற்கு வங்கம் மீண்டும் மீண்டும் இடறியிருக்கிறது. கொல்கத்தா ஃபூல்பாகானில் உள்ள பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனையில் 2002-இலும் 2011-இலும் சில நாள்களுக்குள் பல குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. 2002-இல் ஆட்சியில் இருந்தது இடதுசாரி முன்னணி. 2011-இல் திரிணமூல் காங்கிரஸ். ஆட்சி மாறியதே தவிர, விளக்கம் மாறவில்லை. குழந்தைகள் மாவட்டங்களிலிருந்து கவலைக்கிடமான நிலையில் கொண்டுவரப்பட்டனர் என்பதே இருமுறையும் கூறப்பட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அந்த உண்மை அரசுக்குச் சாதகமான சாட்சியமல்ல. மாவட்ட மருத்துவமனைகளால் இயலவில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்.

இத்தனைக்கும் தீர்வுக்கான வழியை நாட்டுக்குக் காட்டியதும் அதே மாநிலம்தான். 2003-இல் புருலியா மாவட்ட மருத்துவமனையில் அமைக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்பு சிகிச்சைப் பிரிவு, பிற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரியாயிற்று. பின்தங்கிய ஒரு மாவட்டத்தில் இது இயலும் என்றால் எங்கும் இயலும்.

அரசியல்வாதிகளை அதிகம் கவர்வது அறுவைச் சிகிச்சைக்கான நிதியுதவியே. தமிழகத்தில் 2008-இல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. மேற்கு வங்கத்தில் 2013-இல் வந்த சிசு சாத்தி திட்டம், தனியார் மருத்துவமனைகளிலும் ஏழைக் குழந்தைகளுக்கு இலவச இதய அறுவைச் சிகிச்சைக்கு வழி செய்தது. பயனடைந்த குடும்பங்களுக்கு இவை வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இத்திட்டங்கள் செலுத்துவது அறுவை அரங்கின் கட்டணத்தை. கூச்பிஹாரிலிருந்து கொல்கத்தா வரையிலான சுமார் 700 கிலோமீட்டரில் குழந்தையின் மூச்சைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

2021 ஜூலையில் கரோனா அவசரகாலத் திட்டத்தின் இரண்டாம் கட்டமாக ரூ. 23,123 கோடியை மத்திய அமைச்சரவை அனுமதித்தது. 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு, 20,000 தீவிர சிகிச்சைப் படுக்கைகள், அவற்றில் 20 சதவீதம் குழந்தைகளுக்கு என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 2023 தொடக்கத்தில் அடினோ வைரஸ் பரவியபோது கொல்கத்தாவின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்தன. 19 குழந்தைகள் இறந்ததாகவும், அவர்களில் 13 பேருக்கு வேறு நோய்களும் இருந்ததாகவும் அன்றைய முதல்வர் மம்தா பானர்ஜி சட்டப்பேரவையில் தெரிவித்தார். வேறு நோய் உள்ள குழந்தைக்குத்தான் தீவிர சிகிச்சை முதலில் தேவை என்பதை அந்தக் கணக்கு மறந்துவிட்டது. படுக்கை என்பது இரும்புக் கட்டில் அல்ல. இரவு முழுவதும் அதன் அருகே நிற்கும் பயிற்சி பெற்ற செவிலியரையும் சேர்த்தே அது படுக்கை.

அரசியல் சாசனத்தில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. அதைச் சுட்டி மத்திய அரசு ஒதுங்குவதும், நிதி வரவில்லை என்று மாநிலம் கை விரிப்பதும் நாடாளுமன்றத்துக்குப் பழகிப்போன காட்சி. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலிருந்து 2019 ஜனவரியில் மேற்கு வங்கம் விலகியபோதும் விவாதம் யார் பெயரில் அட்டை, யார் படம் என்பதையே சுற்றி வந்தது.

இதய அறுவைச் சிகிச்சையை ஊர்தோறும் தொடங்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. அதிக எண்ணிக்கையில் செய்யும் சில மையங்களில்தான் அது பாதுகாப்பானது. பரவலாக்க வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்தை: பிறந்த குழந்தையின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் எளிய பரிசோதனை, மாவட்டத் தலைநகரில் உயிர் காக்கும் முதலுதவி, வழியில் சிகிச்சை தரும் ஊர்தி. 2017-இல் தொடங்கிய கேரளத்தின் 'ஹிருத்யம்' திட்டம், குழந்தையைக் கணினியில் பதிவு செய்து, அவசரத்தின் தன்மைக்கேற்ப வரிசைப்படுத்தி, இடமுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப முடியும் என்று காட்டியிருக்கிறது. மேற்கு வங்கம் மட்டுமன்றித் தமிழகமும் கருத்தில் கொள்ள வேண்டிய ஏற்பாடு இது.

சிகிச்சை தேடி வங்காளக் குடும்பங்கள் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குவதை வேலூர் மக்கள் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றனர். ரயிலில் வர முடிந்த குழந்தைகள் அவர்கள். வர முடியாதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்று அமைச்சர்களிடம் கேட்கும் உறுப்பினர்கள், எத்தனை குழந்தைகள் வழியிலேயே இறந்தனர் என்றும் கேட்க வேண்டும். விடை இல்லையென்றால், அதைக் கணக்கெடுப்பதே முதல் வேலை.